மறைப்பணி ஆலயம் பரதவர் மன்றமானது: தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய மறைப்பணியாளர் எழுப்பிய கட்டடம் ஒன்று உள்ளூர்ச் சமூகத்தின் பண்பாட்டு நடுவமாக மாறுவது உலகின் பல பகுதிகளில் காணப்படும் நிகழ்வு. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தில் இம்மாற்றம் எந்த அரசாணையாலும் உடன்படிக்கையாலும் நிகழவில்லை. குருக்கள் விலக்கப்பட்டிருந்த காலங்களில் ஆலயத்தையும் திருவுருவத்தையும் விழாவையும் காத்த பரதவர், அக்காப்பையே உரிமையாக்கிக் கொண்டனர். 1582 முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலான அம்மாற்றத்தையும், அவ்வுரிமை சமூகத்தின் உள்ளேயே ஏற்படுத்திய பிளவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பரதவர், முத்துக்குளித்துறை, ஜாதித் தலைவர், பட்டங்கட்டி, பொன் தேர், பதுருவாதோ

ஆய்வுப் பொருள்

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் புரூம் என்னும் முத்துத் துறைமுகத்திற்கு வடக்கே பீகிள் விரிகுடா என்னும் ஊர் உள்ளது. 1918-இல் நிறைவுற்ற அவ்வூரின் திரு இருதய ஆலயப் பீடம் முத்துச்சிப்பி ஓடுகளால் அணிசெய்யப்பட்டது. செருமானியத் துறவியரும் அவ்விடத்துத் தொல்குடியினரும் சேர்ந்து அதனைக் கட்டினர். மறைப்பணியாளரின் கட்டடத்தில் தங்கள் கடலின் பொருளைப் பதித்த அம்மக்களுக்கு இன்று அது வழிபாட்டிடமாக மட்டும் இல்லை. அவர்தம் முன்னோர் உழைப்பின் சான்றாகவும் நிற்கிறது. இத்தகைய கட்டடங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ‘கையளிப்பு’ என்னும் சொல்லைச் சுற்றியே நடைபெறுகின்றன. யாரோ ஒருவர் ஒருநாள் சாவியைக் கொடுத்தார், மற்றொருவர் வாங்கிக்கொண்டார் என்பது அவற்றின் கதைப்போக்கு.

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையிலும் ஒரு முத்துத் துறைமுகமும் ஒரு மறைப்பணி ஆலயமும் உள்ளன. ஆயின், அங்குக் கையளிப்பு நாள் என ஒன்றைச் சுட்ட இயலாது. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயம் பரதவரின் பொது மன்றமாகவும், அவர்தம் மரியாதை முறைகள் அரங்கேறும் களமாகவும், ஏழு ஊர்களை ஒரே சமூகமாகப் பிணைக்கும் கயிறாகவும் ஆனது சிறிது சிறிதாக நிகழ்ந்தது. சமய வரலாற்று நூல்கள் இவ்வாலயத்தைக் குருக்களின் வரிசையாக எழுதுகின்றன. சமூக வரலாற்று நூல்கள் ஜாதித் தலைவர்களின் வரிசையாக எழுதுகின்றன. இவ்விரு வரிசைகளும் எங்கு மோதின, எங்கு ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பிற்று என்பதைக் காண்பதே பயனுடையது.

முத்தும் திருமுழுக்கும்

கொற்கை முத்தின் தொன்மையை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு உரிமைக்காகப் பரதவருக்கும் கடலோர முசுலிம் வணிகருக்கும் இடையே கடும் பூசல் நிலவியது என்பதே இங்கு இன்றியமையாத செய்தி. கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் சென்று திருமுழுக்குப் பெற்றவரான குதிரை வணிகர் ஜோவான் தா குரூஸ், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடுமாறு பரதவர் தலைவர்களுக்கு அறிவுரை கூறினார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்றனர். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538-இல் வேதாளையில் நடைபெற்ற போரில் மார்த்திம் அபோன்சோ தெ சோசாவின் படை வென்றதும் கடலின் மேலாண்மை போர்த்துக்கீசியர் கைக்கு மாறியது.

இம்மனமாற்றத்தை அரசியல் பேரம் என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுவது ஆய்வாளரிடையே எளிதில் காணப்படும் வழக்கம். அது ஒரு பேரம்தான். ஆனால் பேரம் பேசியவர் யார் என்பதே கவனிக்கத்தக்கது. தனிமனிதர்கள் அல்லர், பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த்தலைவர்கள் தங்கள் மக்கள் அனைவர் சார்பிலும் பேசினர். சமூகம் சமூகமாகவே திருமுழுக்குப் பெற்றது. ஆகவே புதிய சமயத்திற்குள் பழைய தலைமை அமைப்பு சிதையாமல் நுழைந்தது. 1542-இல் தூய பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தபோது அவர் எதிர்கொண்டதும் இந்த அமைப்பையே. 1544-இல் அவர் மன்சில்லாசுக்கு எழுதிய கடிதங்களில் பட்டங்கட்டிகள் அடிக்கடி தலைகாட்டுகின்றனர்; சில இடங்களில் அவருக்கு உதவுவோராக, சில இடங்களில் அவரது பொறுமையைச் சோதிப்போராக. அவர் சென்ற ஊர்களில் வேதம் கற்பிக்க உள்ளூர் உபதேசியார்களை அமர்த்தி, அவர்கள் ஊதியத்திற்கென 4,000 பணம் பெற்றுத் தந்தார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென முத்துக்கரையிலிருந்து சென்றுகொண்டிருந்த தொகை அது. கடலில் மூழ்கியவர் எடுத்த பொருளின் ஒரு பகுதி கடல்கடந்து போகாமல் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பியது என்று இதனைக் கொள்ளலாம்.

சவேரியாருக்குப்பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் (1520–1600) காலத்தில் இப்போக்கு மேலும் தெளிவாகிறது. புன்னைக்காயலில் அவர் நடத்திய மருத்துவமனை பரதவரின் நன்கொடையால் இயங்கியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதல் 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ வரை அவருடைய தமிழ் அச்சுப் பணிக்கு முத்துக்கரை மக்கள் திரட்டிய பொருள் துணைநின்றது. தமிழ் அச்சு வரலாற்றில் அடிகளாரின் பெயர் உரியவாறு போற்றப்படுகிறது. செலவை ஏற்றவர்களைப் பற்றிய குறிப்பு ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. மறைப்பணி நிறுவனங்களுக்கு மக்களே பொருள்தந்தனர் என்பதால், அவற்றின்மீது தமக்கும் உரிமை உண்டு என்ற எண்ணம் அவர்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்திருத்தல் வேண்டும்.

1582ஆம் ஆண்டின் ஆலயம்

1580ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் தம் தலைமையிடத்தைப் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றினர். அதனையடுத்து இயேசு சபையினர் தம் இல்லத்தோடு இணைந்த ஆலயம் ஒன்றை எழுப்பி 1582-இல் அர்ச்சித்தனர். ஊரில் முன்பே இராயப்பர் பெயரில் ஒரு கோயில் இருந்தது. புதியது துறவியரின் இல்லக் கோயில். சரியான பொருளில் ஒரு மறைப்பணிக் கட்டடம். அதில் நிறுவப்பெற்ற மரியன்னையின் மரத் திருவுருவம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது கரையின் நெடுநாள் மரபு.

17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மதுரை நாயக்கருடன் எழுந்த பூசலின்போது, இயேசு சபையினர் பரதவரைத் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவு ஒன்றில் குடியேற்றினர். மக்கள் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்து பின்னர்க் கரைக்குத் திரும்பினர். திருவுருவமும் அவர்களோடு தீவுக்குச் சென்று மீண்டது என்று செவிவழிச் செய்திகள் கூறுகின்றன. கட்டடம் கரையில் நிற்க, மக்களும் திருவுருவமும் கடல்தாண்டிச் சென்ற இந்நிகழ்வு, பின்வந்த காலத்திற்கு ஒரு முன்மாதிரியாயிற்று. சுவர்களை யார் பிடித்தாலும், அன்னை இருக்குமிடமே கோயில் என்ற எண்ணம் இங்குதான் வேரூன்றியிருக்கக் கூடும்.

குருக்கள் இல்லாத காலம்

1658-இல் ரைக்ளாப் வான் கூன்சின் தலைமையிலான ஒல்லாந்தர் படை தூத்துக்குடியைக் கைப்பற்றியது. இயேசு சபையினர் துறைமுகத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டே ஒல்லாந்தச் சீர்திருத்த சபையின் போதகர் பிலிப்பசு பால்டேயசு இங்கு வந்து பரதவரைத் தம் சபைக்கு மாற்ற முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. பரதவர் ஊருக்கு வெளியே, ஒல்லாந்தரின் ஆட்சி எட்டாத நிலப்பகுதிகளில், மறைந்து வரும் குருக்களிடம் பூசை கண்டு திரும்பினர்.

இயேசு சபையைச் சார்ந்த பியேர் மார்த்தேன் 1700-இல் எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். சமயம் மாறுமாறு வற்புறுத்திய ஒல்லாந்தப் போதகரிடம் பரதவர் தலைவர், சவேரியார் இக்கரையில் நிகழ்த்தியதாகக் கூறப்படும் புதுமைகளை எடுத்துரைத்து, அவற்றைவிட மிகுதியானவற்றைப் போதகர் செய்துகாட்டினால் சிந்திக்கலாம் என்று மறுமொழி சொன்னாராம். இதை எழுதியவர் கத்தோலிக்கத் துறவி என்பதால் நிகழ்ச்சி மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆயினும் அதில் பேசுபவர் குரு அல்லர், சமூகத் தலைவர். சமயத்திற்காக வாதாடும் பொறுப்பு அவரிடம் சென்றுவிட்டிருந்ததை அக்கடிதம் தன்னையறியாமலே பதிவுசெய்கிறது.

ஒல்லாந்தர் ஏன் கடுமையாக நடந்துகொள்ளவில்லை என்பதற்கான விடை கடலுக்குள் உள்ளது. முத்துக்குளிப்பில் வரியும் உரிமையும் ‘கல்’ என்னும் அலகால் கணக்கிடப்பட்டன. மூழ்குபவர் விரைந்து அடியாழம் சேரக் காலில் பற்றிக்கொள்ளும் கல்லே அது. ஒரு கல் என்பது ஒரு மூழ்குநரின் உழைப்பு. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் இத்தனை கற்கள் வரியின்றி விடப்பட வேண்டும் என்று உடன்பாடுகள் இருந்தன. ஜாதித் தலைவருக்கும் கற்கள் ஒதுக்கப்பட்டன. மூழ்குநரைத் திரட்டுவதும் அவரைக் கட்டுக்குள் வைப்பதும் ஜாதித் தலைவரும் பட்டங்கட்டிகளும் செய்த பணி. அவர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு முத்துக்குளிப்பையும் நடத்த இயலாது. வணிகக் கணக்கில் தேர்ந்த ஒல்லாந்தர் சமயக் கணக்கை விட்டுக்கொடுத்தனர்.

இங்குதான் திருப்பம் நிகழ்கிறது. போர்த்துக்கீசியர் காலத்தில் துறவியர் ஆலயத்தை நடத்தினர், மக்கள் வந்து வணங்கினர். ஒல்லாந்தர் காலத்தில் குரு வந்துபோகும் விருந்தினர் ஆனார். திருவுருவம், அணிகலன், விழா நாள், செபங்கள், உபதேசியார், கோயில்பிள்ளை ஆகிய அனைத்தும் சமூகத்தின் பொறுப்பில் நின்றன. ஜாதித் தலைவர் பதவி பழம்பாண்டியர் மரபின் எச்சமா, போர்த்துக்கீசியர் ஊக்கத்தால் உருப்பெற்றதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சமூகத்தார் அவரைப் ‘பாண்டியாபதி’ என்று அழைத்தனர். தோற்றம் எதுவாயினும், அப்பதவிக்குச் சமய அதிகாரத்தின் சாயல் ஏறியது குருக்கள் இல்லாத இந்தக் காலத்தில் என்று கொள்வதே பொருத்தம்.

1713: ஒல்லாந்தர் கொடியின்கீழ் ஒரு கத்தோலிக்க ஆலயம்

இன்று காணப்படும் ஆலயத்தின் அடித்தளம் 1712-இல் இடப்பட்டு, 1713-இல் கட்டடம் நிறைவுற்றது. இயேசு சபைக் குரு விஜிலியசு மான்சி இப்பணியை முன்னின்று நடத்தினார். கத்தோலிக்கக் குருக்களை விரட்டிய ஒரு குழுமத்தின் துறைமுகத்தில், அதன் கண்முன்னே, இத்தகைய கட்டடம் எழுந்தது வியப்பிற்குரியது. ஒல்லாந்தர் தமக்கென ஓர் ஆலயத்தைத் தூத்துக்குடியில் கட்டியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1750-இல். பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் தூய திரித்துவ ஆலயமாக விளங்குவது அதுவே. ஆள்வோரின் கோயிலைவிட ஆளப்படுவோரின் கோயில் முந்தியது.

ஏழு கடற்றுறைகள் என்று சமூக வழக்கில் எண்ணப்படும் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோயிலும் தனிப் பாதுகாவலரும் உண்டு. ஆயினும் தூத்துக்குடி அன்னைக்கு ‘ஏழுகடல்துறை ஏக அடைக்கலத் தாய்’ என்னும் பட்டம் வழங்குகிறது. இது இறைப்பற்றின் வெளிப்பாடு மட்டுமன்று. ஒரு நிலப்பரப்பின் எல்லையைச் சொல்லும் தொடருமாகும். ஏழு ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் மேலே ஒரு ஜாதித் தலைவர் இருந்தது போல, ஏழு ஊர்ப் பாதுகாவலர்க்கும் மேலே ஓர் அன்னை. அவரது இருப்பிடமும் அன்னையின் ஆலயமும் ஒரே ஊரில், அருகருகே அமைந்தன.

பொன் தேர்

போர்த்துக்கல் அரசு 1759-இல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து இயேசு சபையை வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். முத்துக்கரை கோவாவிலிருந்து வந்த குருக்களின் பொறுப்பிற்கு மாறியது. அவர்கள் தொகையில் குறைவு; சமூகத் தலைமையை மீறி நடக்கும் வலிமையும் இல்லை. 1795-இல் ஆங்கிலேயர் தூத்துக்குடியைப் பிடித்தனர். ஒல்லாந்தர் 1818-இல் மீண்டும் பெற்று, 1825-இல் இறுதியாக விட்டுச்சென்றனர். ஒரு ஐரோப்பிய ஆட்சி போய் மற்றொன்று நிலைபெறாத இந்த இடைவெளியில், 1806 பிப்ரவரி 2 அன்று, பனிமய மாதாவின் பொன் தேர் முதன்முறையாகத் தூத்துக்குடித் தெருக்களில் ஓடியது. செய்தளித்தவர் அன்றைய ஜாதித் தலைவர் தோன் கபிரியேல் கோமஸ்.

தேர் என்பது தமிழகக் கோயில் மரபில் இறையாட்சியின் எல்லையை ஆண்டுதோறும் வரைந்துகாட்டும் கருவி. எத்தெரு வழியே தேர் செல்லும், வடத்தை முதலில் தொடுபவர் யார், எவர் வாயிலில் நிற்கும் என்பவை ஊர்ச் சமூகத்தின் படிநிலையைக் கண்ணெதிரே நிறுத்தும் கேள்விகள். திருச்செந்தூர் முருகன் கோயில் தேரோட்டத்தில் வடம்பிடிக்கும் மரியாதை ஜாதித் தலைவருக்கு இருந்தது என்னும் மரபு பரதவரிடையே வழங்குகிறது. பிறர் கோயில் தேரில் மரியாதை பெற்ற ஒரு தலைவர், தம் கோயிலுக்கே தேர் செய்தளித்தபோது அதன் பொருள் ஊராருக்கு விளக்கப்பட வேண்டியதாக இருந்திராது.

இதனைச் ‘சமயக் கலப்பு’ என்று பெயரிட்டு நகர்ந்துவிடும் போக்கு உண்டு. அச்சொல் எதையும் விளக்குவதில்லை. 1806ஆம் ஆண்டின் தேர் இந்து வழிபாட்டுப் பொருள் ஒன்றைக் கிறித்தவத்திற்குள் கடனாகக் கொண்டுவந்ததன்று. பரதவர் தம் மண்ணின் அரசியல் மொழியில், இவ்வாலயம் யாருடையது என்று எழுதிய பட்டயம் அது. 1582-இல் இயேசு சபையினரின் இல்லக் கோயிலாகத் தொடங்கியது, அச்சபையே இல்லாதிருந்த ஓர் ஆண்டில், அச்சமூகத்தின் தலைவர் பொருளில், அச்சமூகத்தின் தெருக்களில் வலம்வந்தது. கையளிப்பு நாள் ஒன்றைக் கட்டாயம் குறிக்க வேண்டுமெனின், இந்நாளே அதற்கு மிக அருகில் வரும்.

தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை என்பதும் கருதத்தக்கது. ஆண்டு விழா சூலை 26-இல் கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்டு 5-இல் நிறைவுறும். பொன் தேரோ பல ஆண்டு இடைவெளியில், சிறப்பு நிகழ்வுகளை ஒட்டியே ஓடுகிறது. ஆலயத்தின் 300ஆம் ஆண்டான 2013-இலும் அதன்பின் 2023-இலும் ஓடியது. இந்த அரிதான தன்மையே தேரோட்டத்தின் மதிப்பை உயர்த்திற்று. மரியாதைகள் குறித்த வழக்குகளின் கூர்மையையும் கூட்டிற்று.

இரட்டை அதிகாரமும் உட்பிளவும்

சமூகம் ஆலயத்தைத் தனதாக்கிக் கொண்டது என்று கூறும்போது, சமூகத்தில் யார் என்ற வினா உடனே எழுகிறது. எஸ். பி. காப்மன் 1981-இல் வெளியிட்ட ஆய்வும், பாட்ரிக் ரோச் 1984-இல் வெளியிட்ட நூலும் இவ்வினாவை நேராக எதிர்கொண்டவை. பரதவருள் வணிகமும் கப்பலும் உடைய மேற்குடியினர் மேசைக்காரர் எனப்பட்டனர். ஐரோப்பியரைப் போல மேசையில் அமர்ந்து உண்டவர் என்ற பொருளில் அப்பெயர் வழங்கியது. மீன்பிடிப்போரும் முத்துக்குளிப்போரும் சிறுதொழிலாளரும் கம்மாரக்காரர் எனப்பட்டனர். ஆலயத்தில் அமரும் இடமும் விழா மரியாதைகளும் முந்தையோர் பக்கமே சாய்ந்திருந்தன. கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி பறித்தவருக்கு, அச்சிப்பியின் பணத்தால் ஒளிர்ந்த கோயிலில் பின்வரிசை.

இப்பிளவை வெளிக்கொணர்ந்தது உரோமையின் ஓர் ஆணை. 1838-இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரி, போர்த்துக்கல் மன்னரின் பதுருவாதோ என்னும் ஞான ஆதரவு உரிமையை இந்தியாவின் பல பகுதிகளில் நீக்கி, உரோமையின் நேரடி ஆளுகைக்கு உட்பட்ட மறைப்பணியாளரிடம் அவற்றை ஒப்படைத்தார். அதே காலத்தில் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் பிரெஞ்சுத் துறவியர் மதுரை மறைப்பணிக்கு வந்துசேர்ந்தனர். கோவாக் குருக்கள் ஆணையை ஏற்க மறுத்தனர். தூத்துக்குடியில் ஜாதித் தலைவரும் அவரைச் சார்ந்தோரும் கோவாக் குருக்கள் பக்கம் நின்றனர். பனிமய மாதா ஆலயம் பதுருவாதோவின் கீழ் நீடித்தது. பிரெஞ்சுத் துறவியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே ஊரில் திரு இருதய ஆலயத்தை எழுப்ப வேண்டியதாயிற்று. தம் சபை முன்னோர் கட்டிய கோயிலின் வாசலுக்குள் உரிமையுடன் நுழைய இயலாத நிலையில், அவர்களே புதிய மறைப்பணிக் கட்டடம் ஒன்றைத் தேடினர்.

ஜாதித் தலைவர் கோவாக் குருக்களை விரும்பியதற்குக் காரணம் கொள்கைப்பற்று என்று கொள்வது கடினம். பிரெஞ்சுத் துறவியர் பங்கு நிருவாகத்தைத் தம் கையில் எடுக்க விரும்பினர். சாதித் தலைவரின் மரியாதைகள் அவர்கள் கண்ணில் திருச்சபை ஒழுங்கிற்கு இடையூறு. கோவாக் குருக்களோ நூறாண்டுகளாக அம்மரியாதைகளோடு இணங்கி வாழப் பழகியிருந்தனர். மறுபுறம், மேசைக்காரர் தலைமையில் மனக்குறையுற்றிருந்தோருக்கு இயேசு சபையினரின் வருகை ஒரு வாயிலைத் திறந்தது. இரண்டு அதிகாரங்கள் இருந்தால் ஒன்றை மற்றொன்றிற்கு எதிராக நிறுத்தலாம். ஊர்தோறும் அணிகள் மாறின. ஒரே ஊரில் இரு பங்குகள் தோன்றின. இரு தரப்பினரும் எழுதிய முறையீடுகளில் மறையுண்மை பற்றிய சொற்களைவிட முதல் மரியாதை, முன்வரிசை, கோயில் சொத்து பற்றிய சொற்களே கனமாக நிற்கின்றன.

இதனைக் கண்டு பூசல் என்று முகஞ்சுளித்த ஐரோப்பியர் பலர். ஆனால் ஒரு மன்றத்தில் எவருக்கு எவ்விடம் என்று மக்கள் இத்துணை ஊன்றி வழக்காடுவது, அம்மன்றம் தம்முடையது என்று அவர்கள் ஐயமின்றி நம்புவதால்தான். கம்மாரக்காரரின் எதிர்ப்பு ஆலயத்தை விட்டு விலகுவதற்கானதன்று, அதில் தமக்குரிய பங்கைப் பெறுவதற்கானது. சைமன் காசிச்செட்டி 1837-இல் பரதவரின் தோற்றமும் வரலாறும் பற்றி எழுதிய கட்டுரை தலைவர் குடியின் மரபுரிமைகளை அக்கறையோடு விவரிக்கிறது. மூழ்குநரின் குரல் அதில் ஏறக்குறைய இல்லை. பின்வந்த எழுத்துகள் பலவும் அத்தடத்திலேயே சென்றன. ஜாதித் தலைவரை மட்டும் சமூகம் என்று கொண்டால், ஆலய வரலாறு ஒரு குடும்ப வரலாறாகச் சுருங்கிவிடும்.

முத்து வற்றியதும் இதனோடு இணைத்துக் காண வேண்டிய செய்தி. ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு ஒழுங்கற்ற இடைவெளிகளில் நடைபெற்றது. சிப்பிப் பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் கார்னலும் அரசுக்காக எழுதிய அறிக்கைகள் இந்நிலையையே ஆராய்கின்றன. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கல்லைக் கொண்டு மூழ்குநரை ஆண்ட தலைமையின் பொருளியல் அடிப்படை இவ்வாறு தேய்ந்தது. நகரில் நூற்பாலை, உப்பளம், கப்பல் வணிகம் வளர்ந்தன. புதிய செல்வமும் புதிய கல்வியும் பிறந்த குடியைப் பொருட்படுத்தாமல் மேலெழும் வழிகளைத் திறந்தன.

1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது. பிரான்சிசு திபூர்சியசு ரோச் அதன் முதல் ஆயரானார்; நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. 1928-இல் போர்த்துக்கலுக்கும் உரோமைக்கும் ஏற்பட்ட உடன்பாடு இரட்டை அதிகாரத்தின் முடிவுக்கு வழிவகுத்தது. பிளவுற்றிருந்த பங்குகள் ஒரே ஆயரின்கீழ் வந்தன. ஜாதித் தலைவர் பதவி தன் ஆட்சிப் பொருளை இழந்து மதிப்புப் பெயராக எஞ்சியது.

ஆயின் ஆயரின் இருக்கை எங்கு வைக்கப்பட்டது என்பது பழைய வரலாற்றை இன்றும் காட்டிக்கொடுக்கிறது. மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் திரு இருதய ஆலயம். பிரெஞ்சுத் துறவியர் கட்டியது. பனிமய மாதா ஆலயத்திற்கு அதன் 400ஆம் ஆண்டை ஒட்டி 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேராலயம் என்னும் தகுதியை வழங்கினார். ஓர் ஊரில் ஆயரின் கோயில் ஒன்று, மக்களின் கோயில் வேறொன்று. திருச்சபைச் சட்டம் முன்னதை உயர்த்தும். ஆகஸ்டு 5 அன்று திரளும் கூட்டம் பின்னதைத் தேடிவரும். அக்கூட்டத்தில் பரதவர் அல்லாதாரும் கிறித்தவர் அல்லாதாரும் பெருமளவில் உள்ளனர். ஒரு சமூகத்தின் மன்றம் ஒரு நகரத்தின் விழாக்களமாக விரிந்துள்ளது.

பெயர் மாற்றம்

ஆகஸ்டு 5ஆம் நாள் விழா உரோமை நகரின் எஸ்குலின் குன்றில், கோடையில், பனி பெய்தது என்னும் பழங்கதையிலிருந்து பிறந்தது. அக்கதையை ஒட்டிப் போர்த்துக்கீசியர் அன்னையை ‘நோசா சென்யோரா தஸ் நேவிஸ்’ என்றனர். பனிகளின் அன்னை என்பது அதன் பொருள். பரதவர் நாவில் ‘தஸ்நேவிஸ்’ என்பது பொருள் தெரிய வேண்டாத தனிப்பெயராயிற்று. ‘தஸ்நேவிஸ் மாதா’ என்று வழங்கியது. ‘பனிமய மாதா’ என்பது அதன் தமிழாக்கம். இரண்டும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. எழுத்திலும் அறிவிப்பிலும் பனிமயம். நேர்ச்சையிலும் அழைப்பிலும் தஸ்நேவிஸ். பர்னாந்து, மச்சாது, மோத்தா, மிராந்தா போன்ற குடிப்பெயர்கள் போர்த்துக்கீசியத் திருமுழுக்குத் தந்தையர் வழியாக வந்தவை. ‘தஸ்நேவிஸ்’ அவ்வாறு வந்ததன்று. உரைபனியைக் கண்டிராத கரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கும் அப்பெயர் இடப்படுவது, அன்னையின் ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கத்தால். வேளாங்கண்ணி, பழனி, திருப்பதி என்று தமிழ்நாட்டில் பெயரிடும் முறையும் அதுவே. ஒரு போர்த்துக்கீசிய வேற்றுமை உருபும் ஒரு பெயர்ச்சொல்லும் சேர்ந்து அவ்வரிசையில் இடம்பெற்றுவிட்டன.